கணினியில் நாகசுரம்



தென்பெண்ணையாற்றின் கரையில் மணலூர்பேட்டை என்றோர் ஊர் உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆற்றைக் கண்ணில் கொண்டே வளர்ந்த ஊர். தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் இவ்வூருக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பார். அன்றைக்கு ஆற்று மணலில் கடைகளும், கரும்பும், குழந்தைகளின் ஊதல்களும், எல்லாவற்றிற்கும் மேலே நாகசுரமும் தவிலும். அந்த நாகசுரத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் நான். முப்பத்து மூன்று ஆண்டு கணக்கு ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கீதத்தில் எனக்குள்ள தகுதி காது ஒன்றுதான்.

என்னை இன்று பேச அழைத்தவர்கள் கொடுத்த பொருள் கணினியில் மிடி இசையைச் செவிக்கு இனிதாக ஒலிக்கச் செய்வது எப்படி என்பது. 'கணக்கு வாத்தியாருக்கும் இதற்கும் என்ன உறவு?' என்று தாங்கள் கேட்கலாம். உறவு என்னுடையதன்று, என் நண்பர் ஒருவருடையது. அவரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்கு இயலாது.

அவர் நாகசுரக் கலைஞர். என்னிலும் நான்கு வயது மூத்தவர். 'அண்ணே' என்றே அழைப்பேன். பரம்பரையாக வந்த பாடாந்தரம். கம்பீர நாட்டை மல்லாரியை அவர் எடுத்தால் தேர்வடத்தில் கை வைத்தவன் ஒரு கணம் இழுக்க மறந்து நிற்பான். ஐம்பத்தெட்டாம் வயதில் நுரையீரல் நோய் கண்டது. இனி ஊதக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சீவாளியைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்த அன்று அவர் யாரோடும் பேசவில்லை.

பிறகு ஒரு நாள் பழைய கணினி ஒன்றும், இரண்டாம் கையாக வாங்கிய மின்னணு விசைப்பலகை ஒன்றும் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தன. வலக்கையால் கட்டையை அழுத்திக்கொண்டு, இடக்கையால் பக்கத்திலிருந்த சிறு சக்கரத்தை உருட்டி உருட்டிக் கமகம் பிடிக்கப் பழகினார். அவர் தந்தை வழியில் வந்த மல்லாரிகள், தாமே இசையமைத்த சில உருப்படிகள், சீடர்களுக்குப் பாதி சொல்லிக்கொடுத்து நின்றுபோனவை, எல்லாவற்றையும் ஆறு ஆண்டுக் காலம் கணினியில் பதிந்து வைத்தார். மொத்தம் நாற்பத்தொரு கோப்புகள். 2024ஆம் ஆண்டு ஆவணியில் அவர் காலமானார். அவ்வாண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிச் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுப் பெண்ணையில் பெருவெள்ளம் வந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அந்த நீர் அவர் வீட்டுக்குள்ளும் புகுந்தது. விசைப்பலகை சேற்றில் ஊறி உயிர்விட்டது. கோப்புகள் மட்டும், பெங்களூரில் வேலை பார்க்கும் மகனிடம் ஒரு பிரதி இருந்தமையால் பிழைத்தன.

தலைத் திதிக்கு வந்த மகன் தன் புதிய மடிக்கணினியைக் கூடத்தில் வைத்து, 'அப்பா வாசித்ததைக் கேளுங்கள்' என்று ஒரு கோப்பைத் திறந்தான். கூடம் நிறைய உறவினர். வந்தது என்ன? திருவிழாவில் குழந்தைகள் ஊதும் ஊதல் சத்தம்! சுரங்கள் இருந்தன, தாளம் இருந்தது. ஆனால் ஏதோ பொம்மை பாடுவதுபோல் இருந்தது. ஒரு நிமிடம் பொறுத்திருந்த அண்ணியார், 'நிறுத்துப்பா, இது அவர் இல்லை' என்று எழுந்து உள்ளே போய்விட்டார்கள். மகனுக்கு முகம் சுண்டிவிட்டது. 'கோப்பு கெட்டுவிட்டது போலிருக்கிறது, ஐயா. வைத்திருந்து என்ன பயன்?' என்றான். அழித்துவிடப் போகிறான் என்று எனக்குப் பட்டது. 'என்னிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போ, தம்பி' என்றேன். நான் கணினி கற்ற கதை அங்கே தொடங்குகிறது.

முதலில் நான் தெரிந்துகொண்டது, அந்தக் கோப்புகளில் ஒலியே இல்லை என்பது. திகைப்பாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒலிநாடாவில் குரல் இருக்கிறது. மிடிக் கோப்பில் கட்டளை இருக்கிறது. இன்ன கணத்தில் இன்ன கட்டையை இன்ன அழுத்தத்தோடு அழுத்து, இன்ன கணத்தில் விடு, சக்கரத்தை இவ்வளவு திருப்பு என்று எழுதிய ஓலை அது. ஓலையைப் படித்து வாசிக்க ஒரு வித்துவான் வேண்டும். நல்ல வித்துவான் கையில் கிடைத்தால் சங்கீதம்; மற்றவன் கையில் கிடைத்தால் மகன் கூடத்தில் கேட்டது.

இந்த ஏற்பாடு 1983இல் வந்தது. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இக்குதாரோ காக்கேஹாஷியும் முன்னின்று, வெவ்வேறு கம்பெனிகளின் மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது மொழியை வகுத்தார்கள். பிறகு நெடுங்காலம் கழித்து, 2013இல், இதற்காக இருவருக்கும் கிராமி விருதுக் குழுவினர் தொழில்நுட்ப விருது வழங்கினர். பதினாறு தடங்கள், ஒவ்வொரு சுரத்திற்கும் 0 முதல் 127 வரை எண், அழுத்தத்திற்கும் 0 முதல் 127 வரை எண். விநாடிக்கு 31,250 துகள்கள் என்ற சிறிய ஓட்டத்தில் ஒரு கச்சேரியே போய்விடும். ஒரு முழு மல்லாரி, நண்பரின் கோப்பில், ஒரு புகைப்படத்தின் அளவுகூட இல்லை. நம் நாட்டுத் திரையிசையிலும் இது சீக்கிரமே நுழைந்தது. 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி இசையைக் கையாண்டார் என்பது பலருக்கும் நினைவிருக்கும்.

ஓலையைப் படிக்கும் வித்துவான் முன்னெல்லாம் தனிப் பெட்டியாக இருந்தது, அல்லது கணினிக்குள் பொருத்தும் அட்டையாக இருந்தது. இப்போது அது வெறும் மென்பொருள். விண்டோஸ் கணினியில் அப்படியொரு மென்பொருள் வாங்கும்போதே உள்ளே அமர்ந்திருக்கிறது. ரோலண்ட் நிறுவனத்தின் ஒலிகளைக் கொண்டது. ஆனால் அத்தனை வாத்தியங்களுக்குமான ஒலிச் சரக்கு மொத்தமே மூன்றரை மெகாபைட்டுக்குள் அடக்கம். கணினிகளின் நினைவிடம் சுருங்கியிருந்த 1990களில் செய்த சிக்கனம் அது. அந்தக் காலத்திற்கு மெச்சத்தக்கதுதான். இன்று அதை வைத்துக்கொண்டு சங்கீதம் கேட்பது, ஊறுகாய் தொட்டுக்கொண்டு கலியாணச் சாப்பாட்டை மதிப்பிடுவது போல.

வாத்தியங்களுக்கு வரிசை எண் கொடுத்து 1991இல் ஒரு பொதுப் பட்டியல் செய்தார்கள். ஒன்றாம் எண் பியானோ; 105 சித்தார்; 112 ஷெனாய். மொத்தம் 128. நான் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக மூன்று முறை படித்தேன். நாகசுரம் இல்லை. வீணை இல்லை. தவிலும் மிருதங்கமும் இல்லை. ஆனால் 125 தொலைபேசி மணி, 126 ஹெலிகாப்டர், 128 துப்பாக்கி வெடி! ஹெலிகாப்டருக்கு இடம் கொடுத்தவர்கள் வீணைக்குக் கொடுக்கவில்லையே என்று எனக்கு உண்டான கோபம் இன்னும் தணியவில்லை. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு மேலே செல்கிறேன்.

நண்பரின் விசைப்பலகையில் இந்திய வாத்தியங்களுக்கென்று தனி அடுக்கு ஒன்று இருந்தது. அந்த அடுக்கில் நாகசுரம் எத்தனாம் எண்ணோ அந்த எண் கோப்பில் பதிவாகியிருந்தது. மகனுடைய கணினிக்கு அந்த அடுக்கு என்றால் என்னவென்றே தெரியாது. அடுக்கை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்தது. பொதுப் பட்டியலில் அந்த எண்ணுக்கு உரிய வாத்தியத்தை எடுத்து ஊதியது. அது 79, அதாவது ஊதல். குழந்தைகளின் ஊதல் என்று எனக்குத் தோன்றியது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை!

இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் எண்ணை 112 என்று மாற்றினேன். ஷெனாய் நாகசுரத்தின் வடநாட்டு உறவினர் அல்லவா? கேட்டால் கிண்கிணிச் சதங்கை ஒலிக்கிறது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பட்டியல் ஒன்றிலிருந்து எண்ணுகிறது. கோப்போ சுழியிலிருந்து எண்ணுகிறது. 112ஆம் வாத்தியத்தைக் கோப்பில் 111 என்று எழுத வேண்டும். கணக்கு ஆசிரியன் ஒருவன் இதில் விழுந்தான் என்பதை என் பழைய மாணவர்கள் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்து, வித்துவானையே மாற்றினேன். இதைத்தான் தங்களுள் பலர் செய்ய விரும்புவீர்கள். ஆகையால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். ஃபுளூயிட்சிந்த் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ் கணினியில் அதை எளிதாக நிறுவலாம். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு விர்ச்சுவல் மிடி சிந்த் என்ற இலவச நிரல் உண்டு. இவற்றுக்குத் தனியாகக் குரல் கிடையாது. சவுண்டுபாண்ட் எனப்படும் ஒலித்தொகுப்பு ஒன்றை இவற்றுக்கு ஊட்ட வேண்டும். உண்மையான வாத்தியங்களைச் சுரம் சுரமாகப் பதிவு செய்து, எந்தக் கட்டைக்கு எந்தப் பதிவு, எங்கிருந்து எதுவரை சுழற்றி நீட்டுவது என்ற விவரத்தோடு கட்டிவைத்த மூட்டை அது. 1990களின் நடுவே ஈ-மியூ, கிரியேட்டிவ் என்ற நிறுவனங்கள் தங்கள் ஒலி அட்டைகளுக்காக வகுத்த முறை. இன்று எவரும் கையாளலாம். ஃபுளூயிட் என்ற பெயரில் ஒரு தொகுப்பு கிடைக்கிறது; ஏறக்குறைய 140 மெகாபைட். ஜெனரல்யூசர் என்று மற்றொன்று. அதில் கால் பங்கும் இராது, ஆனால் மிகுந்த கவனத்தோடு செய்யப்பட்டது. மூட்டை பெரிதானால் சங்கீதம் பெரிதாகும் என்று நம்பி, ஒரு கிகாபைட்டுக்கு மேற்பட்ட தொகுப்பு ஒன்றை இரவெல்லாம் விழித்து இறக்கினேன். பியானோ தேவகானமாக இருந்தது. எனக்கு வேண்டிய ஷெனாயோ பழையதைவிட மட்டம். தங்களுக்கு எந்த வாத்தியம் வேண்டுமோ அது எந்தத் தொகுப்பில் நன்றாயிருக்கிறது என்று கேட்டுப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும். அளவைப் பார்த்து மயங்கலாகாது.

சில சிறு பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியின் ஒலிபெருக்கி கட்டை விரல் நகத்தளவு. அதில் ஒத்தின் அடிநாதம் வரவே வராது. மென்பொருளை மாற்றுமுன் நல்ல செவிக்கருவி ஒன்றை மாட்டிக் கேட்டுவிடுங்கள். பாதிக் குறை அங்கேயே தீரலாம். ஒரே நேரத்தில் எத்தனை குரல் ஒலிக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு, ஃபுளூயிட்சிந்தில் 256. அதைக் குறைத்தால் நீண்ட சுரங்கள் நடுவில் அறுந்துபோகும். வாசிப்பு இடையிடையே திக்கினால் இடைத்தாங்கலின் அளவைக் கூட்டுங்கள். 2,048 மாதிரிகள் என்று வைத்தாலும், விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் தாமதம் விநாடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. கட்டையை அழுத்தி உடனுக்குடன் வாசிப்பவருக்குத்தான் அந்தத் தாமதம் தொல்லை. கோப்பைக் கேட்பவருக்கு ஒன்றுமில்லை. எதிரொலி என்று ஒரு குமிழ் இருக்கும். பெரும்பாலும் அதைத் திறந்தே வைத்திருப்பார்கள். நாகசுரம் வெட்டவெளிக்குப் பிறந்த வாத்தியம்; எதிரொலியைப் போட்டால் மாதா கோயில் மண்டபத்துக்குள் மல்லாரி வாசித்ததுபோல் ஆகிவிடும். நான் அதை மூடிவிட்டேன்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டு அண்ணியாரிடம் போனேன். முன்னைக்கு இப்போது எவ்வளவோ மேல். ஒலியில் காற்று இருந்தது, உடல் இருந்தது. அவர்கள் கடைசி வரை கேட்டார்கள். பிறகு சொன்னார்கள்: 'தம்பி, சத்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் இவர் ஏன் இப்படித் தயங்குகிறார்? ரிஷபத்திலிருந்து புறப்படுகிறார், காந்தாரத்துக்குப் போய்ச் சேரவில்லையே!'

அவர்கள் சங்கீதம் கற்றவர்கள் அல்லர். நாற்பது ஆண்டு அடுப்படியிலிருந்து கேட்டவர்கள். அந்த ஒரு வாக்கியம் என் தூக்கத்தைக் கெடுத்தது. கோப்பிலுள்ள எண்களை ஒவ்வொன்றாக அச்சிட்டு வைத்துக்கொண்டு பார்த்தேன். சக்கரம் திரும்பியிருக்கிறது, ஆயிரக்கணக்கான இடங்களில், மிக நுணுக்கமாகத் திரும்பியிருக்கிறது. ஆனால் செவியில் விழுவது ஒரு சிறு நடுக்கம் மட்டுமே.

இங்கே நம் வானொலியின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்திற்கு இடமில்லாதிருந்தது. கட்டைக்குக் கட்டை தனித்தனியாக நிற்கும் வாத்தியத்தில் நம் இசையின் வளைவு வராது, அதன் சுருதியும் நம் சுருதியன்று என்பது எதிர்த்தவர்களின் வாதம். தடை சரியோ தவறோ, வாதத்தில் பொருள் இருந்தது. இயற்கையான அந்தர காந்தாரம், பன்னிரண்டு சம பங்காக வெட்டிய காந்தாரத்தைவிட ஏறக்குறைய பதினான்கு சென்ட் தாழ்ந்தது. சென்ட் என்பது ஓர் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. மிடியும் பிறப்பில் ஆர்மோனியத்தின் பேரன்தான். ஆனால் அதற்குச் சக்கரம் என்று ஒரு மீட்சி இருக்கிறது. சக்கரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை 16,384 படிகள். என் நண்பர் கம்பீர நாட்டையில் காந்தாரம் வரும் இடமெல்லாம் சக்கரத்தைக் கீழ்நோக்கித் தொண்ணூற்றைந்து, நூறு படி தள்ளியிருந்தார். ஏன் இந்த எண் என்று யோசித்தேன். படிகள் இத்தனை என்று கோப்பில் இருக்கிறது. ஒரு படி எவ்வளவு என்று இல்லை!

நேயர்களே, விடை ஒரு பால் கணக்கு நோட்டில் இருந்தது. வெள்ளத்தில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஏடுகள் அப்பளமாகிப்போன நோட்டு. பால், தயிர், மருந்துக் கடை பாக்கி ஆகியவற்றுக்கு நடுவே ஒரு வரி: 'பெண்டு 12'. யாரோ ஒரு பெண்டுக்குக் கொடுக்க வேண்டிய பன்னிரண்டு ரூபாய் என்று அதை முன்பே ஒரு முறை பார்த்துத் தாண்டிப் போயிருந்தேன். அன்று அண்ணியார்தான், 'அந்தப் பெட்டியைப் போட்டதும் கண்ணாடியில் பன்னிரண்டு என்று வரும் வரை பொத்தானை அமுக்குவார், பிறகுதான் வாசிப்பார்' என்றார்கள்.

பெண்ட் என்பது சக்கரத்தின் வளைவு. சக்கரத்தைக் கோடி வரை திருப்பினால் சுரம் எவ்வளவு நகரும் என்பதை வாத்தியத்திலேயே ஒரு பொத்தானால் குறிக்கலாம். உலக வழக்கம் இரண்டு அரைச்சுரம். நண்பர் அதைப் பன்னிரண்டு, அதாவது ஒரு முழு ஸ்தாயி என்று வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார். ஒரே ஊதலில் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை ஜாரு இழுப்பவருக்கு இரண்டு எப்படிப் போதும்? ஆனால் அந்தப் பொத்தானை அமுக்கியது கோப்பில் பதியவில்லை; அது வாத்தியத்தின் உள் விவகாரம். கோப்பைத் திருப்பி வாசித்ததும் அதே வாத்தியமாக இருந்தவரை குறை தெரியவில்லை. வாத்தியம் வெள்ளத்தில் போனதும் அந்தப் பன்னிரண்டும் போய்விட்டது.

புதிய மென்பொருள் வழக்கப்படி இரண்டு என்று எடுத்துக்கொண்டது. ஆகவே அவருடைய கமகம் ஒவ்வொன்றும் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. இரண்டு அரைச்சுரம் ஏறி ரிஷபத்திலிருந்து காந்தாரம் சேர வேண்டிய இழைப்பு, மூன்றில் ஒரு அரைச்சுரம் ஏறி நின்றுவிட்டது. 'போய்ச் சேரவில்லையே' என்று அண்ணியார் சொன்னதைக் கணக்காகப் போட்டால் இதுதான். காந்தாரத்தைத் தொண்ணூற்றாறு படி தாழ்த்தினாரே, அது பன்னிரண்டின் கணக்கில் பதினான்கு சென்ட். இரண்டின் கணக்கிலோ இரண்டே கால் சென்டுக்குச் சற்று மேல், எந்தக் காதுக்கும் எட்டாது. எண்கள் அத்தனையும் ஒரே வரியில் விளங்கியபோது, கரும்பலகையில் ஒரு மாணவன் எனக்கு முன்னால் விடை எழுதிக் காட்டியதுபோல் இருந்தது.

திருத்தம் மிக எளிது. ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும் மூன்று கட்டளைகள்: 101ஆம் கட்டுப்பாட்டுக்குச் சுழி, 100ஆம் கட்டுப்பாட்டுக்குச் சுழி, 6ஆம் கட்டுப்பாட்டுக்குப் பன்னிரண்டு. வளைவின் எல்லை பன்னிரண்டு என்று எந்த நல்ல மென்பொருளுக்கும் இது சொல்லிவிடும். தடம் தோறும் தனித்தனியே எழுத வேண்டும்; ஒன்றில் எழுதினால் மற்றதைச் சாராது. தங்களிடம் பழைய மிடிக் கோப்பு ஏதேனும் இருந்து, அதில் வளைவுகள் மட்டும் உயிரற்று, அல்லது நேர்மாறாகப் பேய் பிடித்ததுபோல் தாறுமாறாக ஒலித்தால், ஒலித்தொகுப்பைக் குறை சொல்லுமுன் இந்த எண்ணைச் சோதியுங்கள்.

ஷெனாயின் குரலில் எனக்கு நிறைவு உண்டாகவில்லை. நண்பரின் மூத்த சீடரை அழைத்து, துணியில் சுற்றியிருந்த அவருடைய நாகசுரத்தையே எடுத்துக் கொடுத்தேன். புதுச் சீவாளி பொருத்தி, முதல் பேருந்து வருமுன் விடியற்காலையில், ஆற்றங்கரைத் தோப்பில் மூன்று அரைச்சுரத்துக்கு ஒன்றாக நீண்ட சுரங்களை ஊதச் சொல்லிப் பதிவு செய்தோம். காகங்கள் இரண்டு சுரங்களைக் கெடுத்தன. பாலிபோன் என்ற இலவச மென்பொருளில் அவற்றைக் கோத்து, சுழற்சிக்கு உரிய இடங்களைக் குறித்து, சிறிய ஒலித்தொகுப்பு ஒன்று செய்தேன். சுழற்சி இடம் ஒரு மயிரிழை தப்பினாலும் சுரத்துக்குச் சுரம் 'டிக், டிக்' என்று கடிகாரம் நடக்கும். அதைச் சரி செய்ய ஒன்றரை மாதம் பிடித்தது.

பலன் எப்படி என்று மறைக்காமல் சொல்கிறேன். நீண்ட கார்வைகள் நன்றாக வந்தன. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு சிறு தூரம் இழைப்பதும் நன்று. ஒரே பதிவைச் சக்கரத்தால் ஸ்தாயி முழுதும் இழுத்தால் நடுவழியில் குரல் மெலிந்து கீச்சிடுகிறது. உண்மை நாகசுரத்தில் சுரம் ஏறும்போது குழலின் குணம் அப்படியே நிற்கும், இங்கே அதுவும் சேர்ந்து ஏறிவிடுகிறது. துரித காலப் பிருகாக்களில் ஒவ்வொரு சுரமும் புதிதாகப் பிறந்து பிறந்து விழுகிறது. தவிலுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. நண்பர் பத்தாம் தடத்தில் போங்கோவையும் காங்கோவையும் வைத்து ஒப்பேற்றியிருந்ததை அப்படியே விட்டேன். வலந்தலையில் கூடு போட்ட விரல்களும் தொப்பியில் கழியும் சேர்ந்து எழுப்பும் ஓசைக்கு எத்தனை பதிவு எடுத்தாலும் காணாது என்பது என் கருத்து. நம் இசைக்கு மிடி வழியே வேண்டாம் என்று வேறு வழி கண்டவர்களும் உண்டு. எம். சுப்பிரமணியன் என்பவர் இயற்றிய 'காயகா' என்ற மென்பொருளில் சுரக் குறிப்பை எழுதிக் கொடுத்தால் அது கமகத்தோடு வாசித்துக் காட்டுகிறது. ஆனால் என் கையில் இருந்தது ஓலையாக மிடிதான். அதை வாசிக்க வைப்பதே என் வேலை.

கம்பீர நாட்டை மல்லாரியைத் திருத்திக்கொண்டு மறுபடியும் அந்தக் கூடத்துக்குச் சென்றேன். இம்முறை மகனும் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். சீடர்கள் நால்வர் இருந்தனர். அண்ணியார் தூண் அருகில் அமர்ந்து கேட்டார்கள். முதல் காலம் முடிந்து இரண்டாம் காலம் எடுத்தபோது புடைவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்கள். மகன் நிறுத்தப் போனான். அவர்கள் கையை அசைத்து வேண்டாம் என்றார்கள். முடிந்ததும், 'மூன்றாம் காலத்துக்கு முன்னால் ஒரு மூச்சு வாங்குவார். இதில் மூச்சே வாங்கவில்லை' என்றார்கள். மூத்த சீடர் உடனே, 'ஆமாம் அம்மா, அந்த இடம் எனக்குத் தெரியும்' என்றார்.

அந்த மல்லாரியின் பின்பாதி சீடர்கள் எவருக்கும் பாடமாகியிருக்கவில்லை. அவர் நோயில் விழுந்த ஆண்டு பாதியில் நின்றது அது. இரண்டு மாதம் தினமும் மாலையில் என் வீட்டுக்கு வந்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டு, ஓர் ஆவர்த்தனம் கேட்பதும் ஊதுவதுமாக மூத்தவர் பாடம் செய்தார். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைப்பதற்கு ஓலை முறை மிகச் சௌகரியம். இயந்திரம் சொல்லிக்கொடுக்காத மூச்சை அவரே உரிய இடத்தில் வைத்தார். தை ஐந்தாம் நாள் ஆற்றுமணலில் அவர் அதை முழுமையாக வாசித்தார். தவிலும் உண்மைத் தவில். நான் கூட்டத்தில் நின்று, காந்தாரம் வரும்போதெல்லாம் மனத்துக்குள் தொண்ணூற்றாறு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டுக் கோப்புகளைத் திருத்தியாயிற்று. பிரதிகள் இப்போது நான்கு இடங்களில் இருக்கின்றன. ஒன்றாவது பெண்ணையாற்றின் வெள்ளம் எட்டாத மேட்டில். மிச்சமுள்ள மூன்றும் அவர் கணினி வாங்கிய முதல் ஆண்டில் பதிந்தவை. அவற்றுக்குப் பன்னிரண்டு பொருந்தவில்லை. வளைவுகள் எல்லை மீறி அலறுகின்றன. ஏழு என்று வைத்துப் பார்த்தேன், ஐந்து என்று வைத்துப் பார்த்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணியாரிடம் மூன்று விதமாகவும் போட்டுக் காட்டப் போகிறேன்.